தட்டப்படாத கதவுகள்

1995 யூலை நடுப்பகுதியில் அமெரிக்காவின் சிக்காகோ நகரை அனல் வாட்டியது. 13ஆம் திகதி வெப்பநிலை 41 பாகை செல்சியசை எட்டியது. வழமையை விட 739 பேர் கூடுதலாக மாண்டனர். சவச்சாலையில் இடம் போதாமல், குளிரூட்டிய லொறிகளில் உடல்கள் வைக்கப்பட்டன.

மாண்டவருட் பலர் தனித்து வாழ்ந்த முதியவர்கள். திருடருக்கு அஞ்சிக் கதவு, யன்னல்களைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே மடிந்தவர்களும் உண்டு.

சமூகவியலாளர் எரிக் கிளினென்பேர்க் 2002இல் வெளியிட்ட நூலில் அருகருகே அமைந்த இரு பகுதிகளை ஒப்பிட்டார். வடக்கு லோண்டேலில் இலட்சத்துக்கு 40 பேர் இறந்தனர். தெற்கு லோண்டேலில் 4 பேர் மட்டுமே. இரண்டிலும் தனித்து வாழும் வறிய முதியவர்கள் இருந்தனர், வெயிலும் ஒன்றுதான். ஆயின் தெற்கில் கடைத்தெருக்கள் கலகலப்பாக இருந்தன. முதியவர்கள் அச்சமின்றி வெளியே வந்து, குளிரூட்டிய கடைகளில் ஒதுங்கினர். வடக்கிலோ ஆலைகள் மூடப்பட்டு, மக்கள் இடம்பெயர்ந்து, தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அங்கு அயலவரை விசாரிக்க ஆளில்லை.

1999இல் மீண்டும் அனல் வீசியபோது மாநகர ஊழியரும் பொலிசாரும் வீடு வீடாகச் சென்று முதியவர்களின் கதவுகளைத் தட்டினர். அவ்வாண்டு இறந்தோர் ஏறத்தாழ 110 பேர்.

இரு அனல்களும் அளவில் ஒன்றல்ல. ஆயினும், முன்பின் அறியாதவரைத் தேடிச் சென்று விசாரிப்பதும் உயிர்காக்கும் பணியே என்பதை அந்நகரம் 739 உயிர்களைக் கொடுத்தே கற்றுக்கொண்டது.