தொட்டிலருகே வந்த மருத்துவம்

பெரியவருக்கு நோய் வந்தால், இன்ன இடத்தில் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லுவார். குழந்தைக்கோ அழுகை ஒன்றே மொழி. அம்மொழியைத் தாய் ஓரளவு அறிவாள். மருத்துவன் கற்றுத்தான் அறிய வேண்டும். அதைக் கற்க முற்பட்டோரின் வரலாற்றைத் தேடிச் செல்லுங்கால், கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அரபு மொழியில் எழுதிய மருத்துவ மேதைகள் சிலர் நம் கண்முன் வந்து நிற்கின்றனர்.

அவர்களுக்கு முன்னர்க் குழந்தை நோய்களை எவரும் கருதவில்லை என்பது பொருந்தாது. ஆயுர்வேதம் தன் எட்டு அங்கங்களுள் ஒன்றைக் குழந்தை மருத்துவத்திற்கு ஒதுக்கியது. கிரேக்க மருத்துவரான ஸொரானஸும் பச்சிளங் குழந்தைப் பராமரிப்பைப் பற்றி எழுதினார். அந்த அறிவை நோயாளியின் படுக்கையருகே வைத்துச் சோதித்து வளர்த்ததே அரபு மருத்துவர்களின் சிறப்பு.

ஈரானிலுள்ள ரைய் நகரில் பிறந்த அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ, அந்நகரின் மருத்துவமனைக்கும் பின்னர் பக்தாத் மருத்துவமனைக்கும் தலைமை வகித்தவர். குழந்தை நோய்களைப் பற்றிய ஒரு தனிச் சிறுநூல் அவர் பெயரால் லத்தீன் மொழியில் வழங்கி வந்தது. எனினும் அவருடைய புகழை நிலைநாட்டியது 'கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா' என்னும் நூலே. ஜுதரீ என்பது பெரியம்மை. ஹஸ்பா என்பது தட்டம்மை. தமிழில் இரண்டையும் 'அம்மை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். காய்ச்சல் கண்ட தொடக்கத்தில் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. முதுகுவலி பெரியம்மையில் மிகுதி என்றும், குமட்டலும் மனக்கலக்கமும் தட்டம்மையில் மிகுதி என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். அம்மை கண்டதும் கண்களைக் காக்க விரையுமாறும், பன்னீர் விடுமாறும் அறிவுறுத்தினார். பெரியம்மைக்குத் தப்பிய குழந்தை பார்வையிழந்து வாழ்வது அக்காலத்தில் அரிதன்று.

ராஸீ தவறிய இடமும் உண்டு. திராட்சைச் சாறு பொங்கிப் புளிப்பதைப் போல, இளங்குருதி பொங்கி முதிர்வதே பெரியம்மை என அவர் எண்ணினார். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய் என்பதை உணரவில்லை. காரணம் கூறுவதில் தவறினாரேனும், கண்டதைக் கண்டபடி எழுதியதால் அவர் நூல் நிலைத்தது. 1848இல் அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

அடுத்த தலைமுறையில், இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரத்து இப்னுல் ஜஸ்ஸார், 'ஸியாஸதுஸ் ஸிப்யான்' என்ற நூலைக் குழந்தைகளுக்கென்றே எழுதினார். பிறந்த குழந்தையைப் பேணும் முறை, பாலூட்டுபவளின் நலம், தலை முதல் கீழ்வரை வரும் நோய்கள், இறுதியாக ஒழுக்கப் பயிற்சி என்று அந்நூல் விரிகிறது. ஏழைகளுக்கான மருத்துவம் பற்றியும் அவர் தனி நூல் செய்தார். தம் வீட்டு வாயிலில் ரஷீக் என்னும் பணியாளை மருந்துகளுடன் அமர்த்தி, நோயாளிகளிடம் தம் கையால் பொருள் வாங்காமல் வாழ்ந்தார் என்று வரலாறு கூறுகிறது. அதே காலத்தில் ஸ்பெயினின் குர்துபா நகரில் அரீப் இப்னு ஸஃத் என்பாரும் கரு, தாய், சேய் மூன்றையும் ஒரே நூலில் ஆராய்ந்தார்.

குழந்தைகளுக்கென்றே தனி மருத்துவமனை பாரிஸில் 1802இல்தான் தோன்றியது. லண்டனில் 1852இல் பத்தே படுக்கைகளுடன் ஒன்று தொடங்கிற்று. நூல் முந்தியது, கட்டடம் பல நூற்றாண்டுகள் பிந்தியது.

ராஸீ பிரித்துக் காட்டிய இரு நோய்களின் முடிவும் இருவேறானது. பெரியம்மையின் கொடிய வகை, 1975இல் வங்கதேசத்தின் போலா தீவில் ஒரு சிறுமியிடம் கடைசியாக இயற்கையில் தோன்றியது. 1980இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தட்டம்மைக்கோ 1963 முதல் தடுப்பூசி இருக்கிறது. இருந்தும் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,07,000 பேரை அது பலிகொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் தடுப்பூசி முழுமையாகப் பெறாத, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இன்று நோயின் காரணம் தெரியும்; தடுக்கும் வழியும் தெரியும். ராஸீக்கு இவ்விரண்டும் தெரியா. அவருடைய அறிவையும் விஞ்சிய அறிவு நம்மிடம் இருக்கிறது. கைரவான் மருத்துவரின் திறந்த வாயில்தான் இன்னும் எல்லா ஊர்களிலும் அமையவில்லை. அறிவு தொட்டிலருகே வந்து சேரும்வரை அது ஏட்டுச் சுரைக்காயே.