'பொய்கொட்' என்னுஞ் சொல்லின் வரலாறு

ஆட்பெயர் பொதுச்சொல்லாய் மாறுதல் மொழிகளுக்கு இயல்பு. ஆயின், தம்மை ஒறுத்தோரின் செயலுக்கே தம் பெயரை ஈந்தவர் அரியர். ஆங்கிலத்திலே பெருவழக்காயுள்ள 'பொய்கொட்' அத்தகைய ஒருவரின் பெயராகும். ஒருவரோடு கொண்ட தொடர்பைப் பலர் ஒருங்குகூடி விலக்குதல் என்பது அதன் முதற்பொருள். தமிழிலே பகிஷ்கரித்தல் என்பர்.

கப்டன் சாள்ஸ் பொய்கொட், அயர்லாந்தின் மேயோப் பகுதியில் ஏர்ண் பிரபுவின் நிலங்களை மேற்பார்வை செய்தவர். விளைவு குன்றிய காலத்திலே குடியானவர் 25 வீதக் குத்தகைக் குறைப்பை வேண்டினர். பிரபு 10 வீதத்துக்கே இசைந்தார். 1880 செப்டெம்பரில் அவர்களை வெளியேற்றும் கட்டளைகள் பிறந்தன. அதற்குச் சில நாள் முன்னரே, பிறர் இழந்த நிலத்தை ஏற்பவனோடு எவ்விதத் தொடர்புங் கொள்ளாது ஒதுக்குமாறு ஐரிஷ் தலைவர் பார்னல் என்னிஸ் நகரிலே பேசியிருந்தார். அம்முறையைக் குடியானவர் பொய்கொட்டின்மீது கையாண்டனர். வேலையாட்கள் விலகினர், கடைக்காரர் பண்டம் விற்க மறுத்தனர், கடிதங் கொணர்வாரும் இலராயினர். பயிரை அறுவடை செய்ய வடபுறத்திலிருந்து ஐம்பது பேர் படைக்காவலுடன் வந்தனர். ஏறத்தாழ 500 பவுண் பெறுமதியான விளைவுக்கு 10,000 பவுண் செலவாயிற்று என்பர். டிசெம்பரிற் பொய்கொட் அயர்லாந்தை நீங்கினார்.

இத்தகைய விலக்குக்குக் கற்றோரிடத்தே 'ஒஸ்திரசிசம்' என்னுஞ் சொல் இருந்தது. பண்டை அதென்ஸ் மக்கள், மட்பாண்டத் துண்டுகளிற் பெயர் பொறித்து ஒருவரை நாடுகடத்திய வழக்கிலிருந்து பிறந்தது அது. குடியானவர்க்கு அது விளங்காதெனக் கருதிய ஓமலி பாதிரியார், 'பொய்கொட்' என்பதையே வினைச்சொல்லாக்கினார் என அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் றெட்பத் எழுதினார். அவ்வாண்டு நவம்பரிலேயே இலண்டன் 'ரைம்ஸ்' அதனை எடுத்தாண்டது. பின்னர் பிரெஞ்சு, ஜேர்மன், ருஷ்ய மொழிகளிலும் அது புகுந்தது.

வழக்குப் பரவப் பொருளும் விரிந்தது. 1905இல் வங்காளத்தார் பிரித்தானியப் பண்டங்களை விலக்கினர். 1931இல், டொனமூர் அரசியற்றிட்டம் முழுத் தன்னாட்சி வழங்கவில்லையென யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்வார் இலர். 1934 வரை அவ்வாசனங்கள் வெறுமையாயிருந்தன.

மேயோவிலே இழப்புற்றவர் விலக்கப்பட்டவர். யாழ்ப்பாணத்திலோ, விலகி நின்ற மக்களே சபையிற் குரலற்றிருந்தனர். பிறரை விலக்குதலும் தாம் விலகுதலும் வெவ்வேறு செயல்கள். இரண்டனையும் ஒரே சொல்லால் வழங்குவோர், அச்செயலின் விலையை யார் செலுத்துவர் என்பதை முன்னரே ஆராய்தல் வேண்டும்.