தங்கத்துக்குப் பிறகு

உயரம் தாண்டும் போட்டியில் ஒரு விசித்திரம் உண்டு. ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடப்பார். இதில் தங்கம் வாங்குகிறவரும் பெரும்பாலும் கடைசியில் கம்பியைத் தட்டிவிட்டுத்தான் வெளியே வருவார். ஒரு உயரத்தைத் தாண்டினால் கம்பி இன்னும் மேலே போகும்; தொடர்ந்து மூன்று முறை தவறினால் ஆட்டம் முடிந்தது. தோற்றுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது இந்த விளையாட்டின் விதி.

எங்கள் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. மலைக்கு அந்தப் பக்கம் சேலம் மாவட்டம். அங்கே பெரியவடகம்பட்டி என்ற கிராமத்தில் 1995-இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளியில் பி.டி. சார் தாண்டச் சொன்னார். பிறகு பெங்களூருவில் பயிற்சியாளர் சத்யநாராயணா. 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அதற்குப் பிந்தைய கதைதான் பெரிது. தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. 2017-இல் பத்மஸ்ரீ வந்தது. அப்போது வயது 21. இத்தனையும் கிடைத்த பிறகு விடியற்காலையில் எழுந்து மைதானத்துக்குப் போக என்ன காரணம் இருக்கிறது?

2019-இல் துபாயில் உலகப் போட்டி. தாண்டியது 1.80. மூன்றாம் இடம். ரியோவைவிட ஒன்பது சென்டிமீட்டர் குறைவு. அரைச் சாண்கூட இல்லைதான். ஆனால் உயரம் தாண்டுகிறவருக்கு அது பாதாளம். 2021-இல் டோக்கியோ. தொடக்க விழாவில் தேசியக் கொடி ஏந்த வேண்டியவர் இவர். விமானத்தில் வந்த ஒருவருக்குக் கொரோனா இருந்ததால் தனிமையில் வைத்துவிட்டார்கள். கொடி வேறொருவர் கைக்குப் போனது. போட்டியன்று மழை வேறு. ஊனமுற்ற காலில் போட்டிருந்த காலுறை நனைந்து தொல்லை கொடுத்ததாகப் பின்னால் சொன்னார். 1.86 தாண்டினார். 1.88-இல் கம்பி விழுந்தது. அமெரிக்காவின் சாம் கிரூ அதைத் தாண்டித் தங்கம் வாங்கினார். ஐந்து வருடம் முன்பு இவர் தாண்டிய உயரத்தைவிட அது ஒரு சென்டிமீட்டர் குறைவு! வெள்ளிப் பதக்கத்தை நாடே கொண்டாடியது. அவருக்குள் என்ன ஓடியதோ.

2023 ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் மறுபடியும் 1.80. நான்கு வருடம் உழைத்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பது போல. காலை நடைக்கு வரும் என் வயதுக்காரர்கள், "ஆறு மாசமா நடக்கிறேன், சர்க்கரை குறையவே இல்லை சார்" என்று நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் ரியோவைச் சொல்வதில்லை. இந்த இரண்டு 1.80-களைத்தான் சொல்கிறேன். தங்கம் வாங்கிய மறுநாள் பயிற்சிக்குப் போவது கூடச் சுலபம். ஹாங்சோவிலிருந்து திரும்பி வந்து மறுபடி கம்பியை நட்டு ஓடி வருவது இருக்கிறதே, அதற்குக் கைதட்ட யாரும் இருக்கமாட்டார்கள்.

ஏழு மாதத்தில், 2024 மே மாதம், ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வாங்கினார். செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக். அமெரிக்க இளைஞர் எஸ்ரா ஃப்ரெச் 1.94 தாண்டினார், நம் சரத்குமார் 1.88. மாரியப்பனுக்கு 1.85, வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். மறுநாள் பேப்பரில் சிலர் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்குவரிசை போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். ஹாங்சோவைவிட ஐந்து சென்டிமீட்டர் கூட என்று யாரும் எழுதவில்லை, நான் பார்த்தவரை.