லயத்து ரொட்டியின் சரித்திரம்

கண்டி மாநகரிலிருந்து தெற்கே மலையேறும் பாதையில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் சென்றால், ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலையின் பழைய கட்டடம் கண்ணுக்குத் தென்படும். 1925ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அந்த நான்கு மாடிக் கட்டடம், 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக விளங்கி வருகிறது. கொழுந்தை உருட்டிய இயந்திரங்களும், உலர்த்திய இயந்திரங்களும், அவற்றை ஓட்டிய பழைய எஞ்சின்களும் அங்கே வரிசையாக நிற்கின்றன. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தின் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. தேயிலையின் சரித்திரத்தை அறிய விரும்பும் ஆசிரியரும் மாணவரும் காண வேண்டிய இடம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்த கரங்கள் விடியற்காலையில் எதைச் சமைத்தன, எதை உண்டு மலையேறின என்று கேட்டால், அதற்கு விடை காண நாம் இயந்திரங்களை விட்டு லயத்தின் அடுப்படிக்குச் செல்ல வேண்டும்.

அடுப்படியில் நாம் காண்பது ரொட்டி. ஈஸ்ட் சேராத, புளிக்க வைக்காத, போறணையில் வேகாத ரொட்டி. கோதுமை மாவில் உப்பிட்டு, தேங்காய் வாங்க முடிந்த நாளில் ஒரு கை தேங்காய்ப்பூவும் சேர்த்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, உள்ளங்கையாலேயே தட்டிச் சூடேறிய தகரத்தில் இடுவார்கள். ஒரு புறம் வெந்ததும் புரட்டிப் போடுவார்கள். எண்ணெய் கிடைத்த நாளில் தகரத்தில் சற்று எண்ணெய் விட்டுப் பொரித்தெடுப்பதும் உண்டு. அன்று குழந்தைகளுக்குத் திருநாள். மிளகாயும் வெங்காயமும் உப்பும் சேர்த்து அம்மியில் நசுக்கிய சம்பலும், பால் கலவாத தேத்தண்ணீரும் அதற்குத் துணை. மாவில் கை வைத்ததிலிருந்து முதல் ரொட்டி தட்டில் விழும் வரை கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

இந்தக் கால்மணி நேரத்தைப் பற்றித்தான் நாம் சிந்திக்க வேண்டும். இன்று பத்திரிகைகளின் சமையற் பகுதியில் ‘ஈஸ்ட் இல்லாமல் விரைவில் செய்யும் ரொட்டி’ என்று ஒரு குறிப்பு வந்தால், அதை இல்லத்தரசிக்குக் கிடைத்த வசதியாகவே யாவரும் கொள்வர். ஹந்தானையின் லயத்திலோ அந்த விரைவு வசதியினால் வந்ததன்று. அவளுக்குக் கிடைத்த நேரமே அவ்வளவுதான்.

பாணுக்கு வேண்டியவை யாவை என்று எண்ணிப் பார்ப்போம். ‘பாண்’ என்ற சொல்லும் ‘போறணை’ என்ற சொல்லும் போர்த்துக்கேயரோடு ஈழத்துக்கு வந்தவை. பொருளும் சொல்லும் கரையோரப் பட்டினங்களில் வேரூன்றிய பிறகே மலைக்கு ஏறின. புளிக்க வைத்த மாவில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுவினால்தான் மாவு பொங்குகிறது. ஈஸ்ட் எளிதில் கிடைக்காத காலத்தில் இங்கே தென்னங்கள்ளை விட்டுப் பொங்க வைத்ததும் உண்டு. எவ்வாறாயினும், பொங்குவதற்குச் சில மணி நேரம் வேண்டும். மலைக்குளிரில் அது இன்னும் தாமதமாகும். அதன் பிறகு செங்கற் போறணை வேண்டும். அதைச் சூடேற்ற வண்டி விறகு வேண்டும். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், அக்காம்பராவுக்கு ஓர் அடுப்பு என்றிருந்த லயத்தில் இவற்றுள் எது இருந்தது?

ரொட்டிக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. கோதுமையில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசையப்படும்போது இழுபடும் தன்மையுள்ள வலையாக மாறுகிறது. சூடான தகரத்தில் இட்டதும் மாவின் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி அந்த வலைக்குள் அடைபட்டு, ரொட்டியைச் சற்றே உப்ப வைக்கிறது. தேங்காயின் எண்ணெய்ப் பசை புரதத்தின் இழைகள் ஒன்றோடொன்று இறுகாமல் தடுப்பதால் ரொட்டி மிருதுவாகிறது. 1843ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக மாவைப் பொங்க வைக்கும் பொடி ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று விஞ்ஞான நூல்கள் அவர் பெயரைப் போற்றுகின்றன. பொடியும் இன்றி, ஈஸ்டும் இன்றி, கைப்பக்குவத்தினாலேயே மாவை உணவாக்கிய லயத்துப் பெண்களின் பெயரை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பெண்ணின் நாளைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிட்டு, தன் பங்கைத் துணியில் முடிந்துகொண்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு அவள் ஓட வேண்டும். பிந்தினால் பேர் விழாது. பகல் முழுவதும் கூடையைச் சுமந்து கொழுந்து பறித்து, மாலையில் நிறுவை முடிந்து திரும்பினால் அதே அடுப்பு அவளுக்காகக் காத்திருக்கும். இவ்வளவு உழைத்தும், தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி 1984ஆம் ஆண்டில்தான் கிட்டியது.

இனி அந்த மா எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஈழத்து மண்ணில் கோதுமை விளைவதில்லை. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்களோ சோறும் கேழ்வரகும் கம்பும் உண்டு வளர்ந்தவர்கள். தோட்ட நிருவாகம் அவர்களுக்கு இறக்குமதி அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொண்டது. பற்றுக் கணக்கினாலும் துண்டு முறையினாலும் தொழிலாளியைக் கட்டிப்போட்ட அமைப்பில் அரிசியும் ஒரு கயிறாகவே இருந்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தினால் ஒழிந்தது; 1927ஆம் ஆண்டின் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழி செய்தது. எனினும், உலையில் இடும் அரிசி கடல் கடந்தே வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் அந்தக் கடல்வழி அறுந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மிய அரிசி நின்றது. அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பின் மீதும், 9ஆம் தேதி திருகோணமலையின் மீதும் குண்டுகள் விழுந்தன. அரிசிக்குக் கூப்பன் வந்தது. குறைந்த அரிசியின் இடத்தை நிரப்பக் கோதுமை மா வந்தது. கோதுமை மா அதற்கு முன் அறியப்படாத பொருளன்று. ஆயின், ஏழை வீட்டின் அன்றாட உணவாக அது நிலைபெற்றது போர்க்காலப் பங்கீட்டின் விளைவாகும். சோறு உண்டு பழகிய ஒரு சமூகம், தான் தேர்ந்தெடுக்காத ஒரு தானியத்தைத் தன் கையின் திறமையால் தனதாக்கிக்கொள்ள நேர்ந்தது.

போர் முடிந்தும் இந்நிலை முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1953 ஜூலையில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது, ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால் வெடித்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசியின் விலை ஒரு பிரதமரையே அசைத்த நாட்டில், கொழுந்து பறித்து அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்களுக்கு, தங்கள் உணவின் விலையைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்குச்சீட்டுக்கூட இருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இதன் கொடிய விளைவு 1973, 1974ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. பங்கீடு வெட்டப்பட்டது. மாவும் பாணும் விலையேறின. கிடைத்த இடங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. கிராமத்து விவசாயிக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமேனும் இருந்தது. லயத்து மக்களுக்கு வாசலும் தோட்டத்துக்கே சொந்தம். 1974ஆம் ஆண்டில் தோட்டப்புறத்தில் மரண விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிகக் கடுமையாக உயர்ந்ததை அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. அக்காலத்தில் ரொட்டி மெலிந்தது, தேங்காய்ப்பூ மறைந்தது, தாயின் பங்கு முதலில் குறைந்தது.

1977ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் பிரீமா நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1980ஆம் ஆண்டில் திருகோணமலையில் பெரும் மாவாலை இயங்கத் தொடங்கியது. மா தாராளமாகக் கிடைத்தது. ரொட்டியும் காலை உணவாக உறுதிப்பட்டது. ஆனால் தானியம் கப்பலில்தான் வந்தது. 2021 மார்ச்சில், நெடிய போராட்டத்தின் பின், தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்து, மாவின் விலை பல மடங்கு ஏறி, போராடிப் பெற்ற உயர்வை விழுங்கிவிட்டது. ரங்கூன் வீழ்ந்தபோது நடந்தது எண்பது ஆண்டுகளின் பின் வேறு வடிவில் மீண்டும் நடந்தது.

இக்கதை ஹந்தானைக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் ஆதிக்குடிகளான நவஹோ மக்களின் பயிரையும் மந்தையையும் அழித்து, 1864ஆம் ஆண்டில் அவர்களை ஏறத்தாழ முந்நூறு மைல் நடத்திச் சென்று, பாஸ்க் ரெடாண்டோ என்னும் வறண்ட வெளியில் அமெரிக்க இராணுவம் அடைத்தது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வாடினர். சோளத்தை உண்டு வாழ்ந்த அவர்களுக்குக் கோதுமை மாவும் உப்பும் கொழுப்பும் பங்கீடாக அளிக்கப்பட்டன. அந்த மாவைப் பிசைந்து கொழுப்பில் பொரித்த அப்பத்தை அவர்களுடைய சந்ததியார் இன்றும் செய்கின்றனர். அதன் தோற்றத்தை அந்த முகாமின் நாட்களோடு இணைத்தே அவர்கள் பேசுகின்றனர். 1868ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் அவர்கள் தம் மண்ணுக்குத் திரும்பினர். அப்பமும் உடன் சென்றது. அவர்களுள் சிலர் அதை உயிர் பிழைத்ததன் அடையாளமாகப் போற்றுகின்றனர். வேறு சிலர் அடிமைப்பட்டதன் நினைவாகவும் நீரிழிவு நோயின் காரணமாகவும் கண்டிக்கின்றனர். இரு சாராரும் உண்மையையே பேசுகின்றனர்.

லயத்து ரொட்டியைப் பற்றியும் நாம் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது பெண்களின் அறிவிலும் திறமையிலும் பிறந்த உணவு. அதைச் சிறுமைப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. ஆனால், வெறும் மாவும் சாயத் தண்ணீரும் ஒரு குழந்தையை வளர்க்கப் போதாது. 2016ஆம் ஆண்டில் நாடெங்கும் நடத்தப்பட்ட குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் எட்டாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். ரொட்டியின் சுவையைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த எண்ணையும் அதன் பக்கத்தில் எழுத வேண்டும்.

மற்றோர் உண்மையும் உண்டு. ஹந்தானையின் அடிவாரத்துச் சிங்களக் கிராமத்தில் தேங்காய் சேர்த்துத் தட்டும் ரொட்டிக்கும் லயத்து ரொட்டிக்கும் வேறுபாடு மிகச் சிறிது. கோதுமை வருமுன்னரே அக்கிராமத்தார் குரக்கன் மாவில் ரொட்டி சுட்டனர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் அவர்களுடைய காட்டையும் சேனையையும் பறித்துத் துரைமாருக்கு விற்க வழி செய்தது. நிலத்தை இழந்த விவசாயியும், அந்நிலத்தில் கூலியாக வந்து சேர்ந்த தொழிலாளியும் இறுதியில் ஒரே விதமான ரொட்டியைத்தான் பகிர்ந்துகொண்டனர். இருவரையும் பகைவராக்கிப் பார்த்த அரசியல், இருவருடைய தட்டையும் ஒரு தடவையேனும் உற்றுப் பார்த்திருந்தால்!

ஹந்தானையின் மறு சரிவில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1952ஆம் ஆண்டு முதல் அங்கே பயின்ற மாணவர் தலைமுறைகளுக்கு இம்மலை காதலின் மலையாகவும், 1969ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹந்தானே கதாவ’ என்னும் சிங்களத் திரைப்படத்தின் களமாகவுமே அறிமுகமாயிற்று. மலையின் அழகை நாமும் மறுக்கவில்லை. ஆயின், அம்மலையில் ஏறும் மாணவர் ஒரு முறை லயத்தின் வாசலிலும் நிற்கட்டும். கூப்பன் காலத்தையும் எழுபத்து நான்கின் பசியையும் நேரில் கண்ட பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் என்ன சமைத்தார்கள், எத்தனை பேருக்குப் பங்கிட்டார்கள், தமக்கு எதை மிச்சம் வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதட்டும். ஆசிரியர்கள் அதை வகுப்பறையில் வாசிக்கட்டும்.

அந்தப் பாட்டியின் பேத்திக்கும் ரொட்டி பிடிக்கும். அவள் விரும்பும் நாளில், வேண்டிய அளவு தேங்காயும் பருப்பும் முட்டையும் அருகிருக்க, பெரட்டுக்கு நேரமாயிற்றே என்ற அச்சமின்றி அதைத் தட்டி உண்ண வேண்டும். அதற்கு வேண்டிய கூலியும் நிலமும் ஓய்வும் அவளுக்குக் கிடைக்கும் வரை லயத்து ரொட்டியின் சரித்திரம் முடிவடைந்துவிட்டதாக நாம் எழுத முடியாது.