தம்பூன் மாமரத்தில் தொடங்கிய பயணம்

மலேசியாவில், சிலிபினிலிருந்து ஈப்போ நகரைக் குறுக்கே கடந்தால் தம்பூன். அந்தப் பக்கம் 1990-களில் பெரிய பன்றிப் பண்ணை ஒன்று இருந்தது. ஏறக்குறைய 30,000 பன்றிகள். கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள். நிப்பா வைரஸின் பயணம் அந்த மர நிழலில் தொடங்கியது என்பதே ஆய்வாளர்கள் பின்னாளில் தடம் பிடித்துச் சொன்ன முடிவு.

பழந்தின்னி வௌவால் பழத்தை முழுதாகத் தின்னாது. கடிக்கும், சாற்றை உறிஞ்சும், சக்கையைத் துப்பும். கிருமி கலந்த எச்சில் பட்ட மிச்சம் கொட்டகைக்குள் விழ, பன்றி தின்றது. வௌவாலுக்கு அந்தக் கிருமியால் நோவில்லை. பன்றிக்கோ இருமல் வந்தது, குரைப்பது போன்ற இருமல். தூரத்திலேயே கேட்டதால் 'ஒரு மைல் இருமல்' என்று பெயர் விழுந்தது. ஆனாலும் பெரும்பாலான பன்றிகள் பிழைத்துக்கொண்டன, விற்பனை நிற்கவில்லை. கிருமி லாரியேறித் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போனது.

1998 செப்டம்பரிலிருந்து, ஈப்போவைச் சுற்றிய கிந்தா வட்டாரப் பண்ணையாட்கள் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்தார்கள். சிலர் நினைவு தப்பி எழவே இல்லை. பன்றி, மூளைக்காய்ச்சல் என்று சேர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்த விடை ஒன்றுதான்: கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். சிலரது இரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள், சீனர்களும் இந்தியர்களான நம்மவர்களும். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களையும் அதே கொசுதான் கடித்தது. அவர்களுக்கு நோய் வரவில்லை.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். மாதிரியோடு அமெரிக்காவுக்குப் பறந்தார். 1994-இல் ஆஸ்திரேலியக் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் நெருங்கிய உறவு இது என்று அங்கே தெரிந்தது. அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவே வைரஸுக்குப் பெயராயிற்று. அதற்குள் கிருமி சிங்கப்பூரை எட்டிவிட்டது. இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய், ஒருவர் இறந்தார். மலேசியாவில் நோயுற்றோர் 265, இறந்தோர் 105. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள்.

ஹெண்ட்ராவின் இருப்பிடம் வௌவால் என்று ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார்கள். அந்த ஒரு வரிதான் இங்கேயும் வௌவாலைத் தேடச் சொன்னது. சுவாவின் குழு தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, சொட்டிய சிறுநீரைச் சேகரித்தது. அந்தச் சிறுநீரிலும், வௌவால் கடித்துப் போட்ட பழத்திலும் நிப்பா கிடைத்தது.

எந்தக் கிருமி எந்த உயிரில் குடியிருக்கிறது என்று உலகெங்கும் பட்டியல் எழுதுகிறார்கள். யாருக்கு உதவும் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு நான் கிந்தாவைச் சொல்வேன். அன்று அந்தப் பட்டியலில் நிப்பாவுக்கு வரி இல்லை. நோயை அடையாளம் காண ஆறு மாதம் பிடித்தது. 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் ஒரே வீட்டில் இரண்டாவது ஆள் படுத்தபோதே மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். மணிப்பால் ஆய்வகம் நிப்பா என்று சொல்லிவிட்டது. அங்கும் 17 உயிர்கள் போயின. இன்றும் நிப்பாவுக்கு அங்கீகாரம் பெற்ற மருந்தோ தடுப்பூசியோ கிடையாது. ஆனால் யாரைத் தனிமைப்படுத்துவது, எதைத் தொடாதிருப்பது என்று, நோயின் பெயர் தெரிந்த உடனேயே தெரிந்திருந்தது.

இன்று அந்தப் பட்டியலில் நிப்பாவுக்கு எதிரே வௌவால், பன்றி, நாய், பூனை, குதிரை, மனிதர் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. கிந்தாவின் பெயர் அதில் எங்கும் இல்லை. இங்கே அந்தக் கொட்டகைகளைக் கழுவி, தீனி போட்டு, காய்ச்சலோடு வீடு திரும்பியவர்கள் தந்த விலையில்தான் அந்த வரி எழுதப்பட்டது.