கண்காணி: ஒரு சொல்லின் வரலாறு

நுணுகி நோக்குதலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. வேண்டாதது களைந்து வேண்டியது கொள்வது ஆய்தல். கீரை ஆய்வதும் நூல் ஆய்வதும் அடிப்படையில் ஒரே வினைதான். மனத்தால் எண்ணித் தெளிவது ஓர்தல். மறைந்து கிடப்பதைத் தேடிச் செல்வது துருவுதல். இவற்றின் வரிசையில் வைத்து எண்ணத்தக்க இன்னொரு சொல் கண்காணித்தல். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவை பெரும்பாலும் பொருளையும் கருத்தையும் நோக்குவன. கண்காணித்தலோ மனிதரை நோக்குவது. எனவே இச்சொல்லின் வரலாற்றைத் தொடர்வோர், யார் யாரைப் பார்க்கிறார் என்ற வினாவைத் தவிர்க்க இயலாது.

கண்ணாற் காண்பவர் கண்காணி. சொல்லின் அமைப்பு இவ்வளவு எளியது. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீகாரியக் கண்காணி’, ‘ஸ்ரீமாகேசுவரக் கண்காணி’ என்னும் பொறுப்புகள் பயின்று வருகின்றன. கோயிலுக்கு நிலமும் பொன்னும் ஆடும் பசுவும் வந்து குவிந்த காலம் அது. விளக்கு தவறாமல் எரிகிறதா, அளக்க வேண்டிய நெல் அளக்கப்படுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அன்றைய சமூகத்தில் கணக்கைச் சோதிப்பது எவ்வளவு பெரிதாகக் கருதப்பட்டது என்பதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளே சான்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் எழுந்த அவ்விதிகள், முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கின. செல்வத்தைக் கையாள்வோர் மீது கண் வைத்திருந்தனர் என்பது இங்கே நோக்கத்தக்கது.

திருமந்திரம் இச்சொல்லை வேறொரு தளத்துக்குக் கொண்டுசெல்கிறது. பார்ப்பவர் இல்லையென்று எண்ணிக் களவு செய்வோரைப் பற்றிப் பேசுமிடத்தில், எங்கும் நிறைந்த இறைவனையே திருமூலர் கண்காணி என்கிறார். அக்கண்காணியைக் கண்டுகொண்டவர் களவை விட்டொழிகிறார் என்பது அவர் கருத்து. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பும் திருச்சபைத் தலைமைப் பணிக்கு இதே சொல்லை ஆண்டது. மூலக் கிரேக்கச் சொல்லான ‘எபிஸ்கோபோஸ்’ என்பதற்கும் மேலிருந்து பார்ப்பவர் என்பதே பொருள். இரு சமயத்தாரும் உயர்வாகவே கருதிய சொல் இது.

அந்தச் சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையேறியது. இலங்கையின் மலைநாட்டில் 1830களில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. தமிழகத்து ஊர்களிலிருந்து ஆள் திரட்டி அழைத்துச் சென்றவர் கங்காணி எனப்பட்டார். ‘கண்கா’ என்பது பேச்சில் ‘கங்கா’ என மருவியது. மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் பலர் பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கங்காணி மட்டும் மாறவில்லை. பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்று அடுக்குகள்தாம் வளர்ந்தன.

இம்முறையின் உயிர்நிலை கடன். வழிச்செலவுக்கும் பிறவற்றுக்கும் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் ஏறியது. அன்றன்று வேலைக்கு இறங்கிய தலைகளை எண்ணிக் கங்காணிக்குக் காசு கிடைத்தது. ஆகவே நோயாளியையும் எழுப்பி மலைக்கு அனுப்புவது அவருக்கு ஆதாயமாயிற்று. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தின் விலங்காயிற்று. 1921இல்தான் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் கங்காணி முறை வேரூன்றியிருந்தது. உடலுழைப்புத் தொழிலாளரை அனுப்புவதற்கு இந்திய அரசு மலாயாவைப் பொறுத்து 1938இலும், இலங்கையைப் பொறுத்து 1939இலும் தடை விதித்தது.

கங்காணியை வெறும் கொடியவராக மட்டும் காண்பதும் முழு உண்மையாகாது. அவர் பெரும்பாலும் தொழிலாளியின் ஊர்க்காரர். சில வேளை உறவினரும்கூட. துரையிடம் பேச வேண்டியிருந்தால் தொழிலாளிக்கு அவர்தான் வாய். கூட்டத்தின் கடன் தோட்டத்துக் கணக்கில் கங்காணியின் பெயரிலேயே நின்றதால், அவரும் ஒருவகையில் கட்டுண்டவர்தான். ஆனால் அவர் கண் பார்த்த திசை ஒன்றே: மேலிருந்து கீழ். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்தளித்த மலையக நாட்டார் பாடல்களைப் படிப்போர், அந்தக் கண்ணுக்கு அஞ்சியவர்களின் குரலையும் அதை எள்ளிய குரலையும் ஒருங்கே கேட்கலாம்.

கோயிற் கண்காணி செல்வத்தைக் கையாண்டவரைப் பார்த்தார். தோட்டத்துக் கங்காணி செல்வத்தை உண்டாக்கிய கைகளைப் பார்த்தார். சொல் ஒன்றுதான், அதன் முகம் திரும்பிவிட்டது. இன்று தெருமுனைதோறும் கண்காணிப்புக் கேமரா நம்மை நோக்கி நிற்கிறது. மறுபுறம், 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசின் ஏடுகளைக் குடிமக்கள் கேட்டுப் பார்க்க வழி செய்தது. இரண்டும் கண்காணிப்பே. இவற்றுள் எதற்கு நாம் பழகிப்போகிறோம், எதை நாம் கைவிடாமல் காக்கிறோம் என்பதைப் பொறுத்தே இச்சொல்லின் அடுத்த பொருள் அமையும்.