அன்னபூரணியின் முதுகெலும்பு

1930இல் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட 89 அடிப் பாய்க்கப்பல் அன்னபூரணி அம்மாள். சிறு படகொன்றில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் அதனை வாங்கி, தம் மனைவியின் பெயரால் புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று அழைத்தார். 1937இல் புறப்பட்ட அக்கப்பலைத் தண்டையல் தம்பிப்பிள்ளையும் தோழர்களும் சூயஸ், ஜிப்ரால்டர் வழியாகச் செலுத்தி, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். இக்கதையை நம்மவர் பலமுறை எழுதிவிட்டனர். பயணத்தை எழுதினோமேயன்றி மரத்தை எழுதவில்லை. அத்திலாந்திக் அலைகளில் அந்த மரக்கூடு ஏன் முறியவில்லை?

விடை நம் வீட்டுக் கூரையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டார் உத்திரம், விட்டம் என்பதை நாம் வளை என்போம். இரு சுவர்களின்மேல் கிடக்கும் வளை பாரமேறினால் நடுவில் தொய்யும். அதன் அடிப்புறம் இழுபடும், மேற்புறம் நெருக்குண்ணும். ஒரு முனை மட்டும் சுவரில் புதைந்து மறுமுனை வெளியே நீண்டிருந்தால் இது தலைகீழாகும்: மேற்புறம் இழுபடும். வளையின் பலம் அகலத்தைவிட உயரத்தையே பெரிதும் சார்ந்தது என்று 1638இல் கலிலியோ எழுதினார். இரண்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலப் பலகையைப் படுக்கையாக வைப்பதைவிடச் செங்குத்தாக நிறுத்தினால் நான்கு மடங்கு பாரம் தாங்கும். எந்த ஓடாவியும் கலிலியோவைப் படித்து இதை அறியவில்லை என்பது வேறு விடயம்.

கப்பலும் ஒரு வளைதான். ஆனால் அதற்குச் சுவர்கள் இல்லை. இரு அலைகளின் முகடுகள் முன்னணியத்தையும் பின்னணியத்தையும் தாங்கும்போது நடுப்பகுதி தொய்கிறது; ஏரா இழுபடுகிறது. அடுத்த சில நொடிகளில் ஒரு முகடு நடுவில் வந்துவிட, இரு முனைகளும் தாங்குவாரின்றித் தொங்குகின்றன. இப்போது இழுபடுவது மேற்றளம். கூரை வளை ஆயுள் முழுவதும் ஒரே பக்கம் வளைய, கப்பலோ ஒரு நாளிலேயே ஆயிரக்கணக்கான தடவை இருபக்கமும் வளைகிறது. அடியில் ஏராவும் உச்சியில் தளமும் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்க, பக்கப் பலகைகள் இரண்டையும் பிணைப்பதே அதன் பலம். இன்றைய ‘ஐ’ வடிவ உருக்கு வளையின் தத்துவமும் இதுவே.

மரக்கப்பலின் பலவீனம் மரத்தில் அன்று, மூட்டுகளில். 89 அடிக்கு ஒற்றை வேப்பமரம் ஏது? துண்டுகளைப் பொருத்தவேண்டும், அடுத்தடுத்த வரிகளின் மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் விழாதவாறு தள்ளித் தள்ளி வைக்கவேண்டும். பிரித்தானியக் கடற்படையே தன் மரக்கப்பல்களின் முனைகள் தொங்குவதைத் தடுக்க, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரிவுச் சட்டங்களைப் பொருத்தியது. அதை அலசி 1814இல் தோமஸ் யங் கட்டுரை எழுதினார். அவர்களுடைய அளவுகள் அச்சில் இருக்கின்றன.

நம்மிடம்? கடற்கரையில் முதிய ஓடாவிமார் இருந்த காலத்தில், குறிப்பேட்டுடன் போன நான் அவர்களிடம் கேட்டதெல்லாம் புயற் கதைகள்தான். ஏராவின் உயரம் எத்தனை அங்குலம் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.